உளவளத்துணைக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு: திருகோணமலையில் தொடங்குவது எப்படி

மாதக்கணக்கில் தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு. வெளிநோயாளர் பிரிவில் திரும்பத் திரும்பக் காட்டிப் பனடோல் வாங்கியாயிற்று, கண் சோதித்தாயிற்று, கோயிலில் நூலும் கட்டியாயிற்று. உளவியலாளரிடம் வருகிறவர்களில் பலர் இப்படி எல்லாக் கதவையும் தட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். வேறு சிலருக்கு நோய் என்று சொல்ல எதுவும் இருக்காது. வேலையில் நாலு பேர் முன்னால் கதைக்க முடியவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது, பிள்ளைகள் வெளிநாடு போனபின் இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் இவர்கள். இரண்டு சாராரும் தாராளமாக வரலாம்.

உடல், மனம், குடும்பம், தொழில், நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறைக்கு மருத்துவத்திலேயே அடித்தளம் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் எங்கல் 1977 இல் இதை வாதாடி எழுதினார்: நோயை உடலுக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும், மனநிலையையும் சமூகச் சூழலையும் கூடவே பார்க்க வேண்டும் என்று. ஆனால் முழுமையான சிகிச்சை என்ற பெயரில் தியானம், மூலிகை, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, குடும்பப் பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தலையில் ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பத்து நாளில் கைவிடப்படும், கைவிட்டவர் தன்னையே நொந்துகொள்வார். எல்லாப் பக்கத்தையும் பார்ப்பது வேண்டும். மாற்றுவதை மட்டும் ஒவ்வொன்றாக, ஒரு வரிசையில் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றியது.

முதலில் ஓர் அவசர விடயம்

செத்துப்போனால் நல்லம் என்ற எண்ணம் அடிக்கடி வந்தால், எப்படிச் சாவது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால், கீழே உள்ள எதையும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். உடனே ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் பூச்சிகொல்லிப் போத்தல்களையும் மிச்ச மாத்திரைகளையும் அன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். "சாக நினைக்கிறவரை யார் தடுப்பது" என்று சொல்வார்கள். அது பிழை. தற்கொலை உந்துதல் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ உச்சத்தில் நின்று தணிவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் ஓர் உயிர் தப்பும். இலங்கையில் கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் 1995 இலும் எண்டோசல்பான் என்ற பூச்சிகொல்லி 1998 இலும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாக இறங்கியது. எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அது தூண்டிவிடும் என்ற பயமும் தேவையில்லை. கேளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள். உளமருத்துவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதக்கூடியவர். உளவியலாளர் உளவியல் படித்து, கதைத்துச் செய்யும் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர், மாத்திரை எழுத மாட்டார். உளவளத்துணையாளர் கேட்டல், பிரச்சினையைப் பிரித்துப் பார்த்தல், ஆதரவு தேடிக் கொடுத்தல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கட்டணம் இல்லை. கிண்ணியா, மூதூர் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் முதலில் விசாரிக்கலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். குடும்பப் பிணக்கு, கடன், பிள்ளை பள்ளிக்கூடம் போகாமை போன்றவற்றுக்கு அங்கே தொடங்குவது நல்லது, ஏனென்றால் சமூக சேவை, சிறுவர், மகளிர் உத்தியோகத்தர்களும் பெரும்பாலும் அதே கட்டடத்தில்தான்.

நித்திரை, சாப்பாடு, வேலை மூன்றும் இரண்டு கிழமைக்கு மேல் குலைந்திருந்தாலும், இல்லாத குரல் கேட்டாலும், முதலில் வைத்தியசாலை. தனியாரிடம் போவதானால் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், என் பிரச்சினை போன்றவற்றைப் பார்த்த அனுபவம் உண்டா. நல்ல சிகிச்சையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். மேற்பார்வை எதுவுமே இல்லை என்று சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

வெருகல், புல்மோட்டை போன்ற தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு கிளினிக் என்றால் ஒரு நாள் போயிற்று, ஒரு நாள் கூலியும் போயிற்று. அதை முதல் நாளே சொல்லுங்கள். ஒரு தடவை நேரில், ஒரு தடவை போனில் என்று மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். போனில் கதைப்பதற்கு வீட்டில் தனி இடம் இல்லாவிட்டால் கடற்கரையில் ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது மாமியாரைப் பற்றிக் கதைக்க முடியாது.

போவதற்கு முந்திய கிழமை

ஒரு சாதாரண 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். ஏழு நாளுக்கு, நாளுக்கு நாலைந்து வரி போதும்: எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தேத்தண்ணீர், பகலில் செய்த முக்கியமான ஒரு காரியம், மனம் இருந்த நிலைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி. வியாக்கியானம் வேண்டாம். "எப்போதும் இப்படித்தான்" என்று வருகிறவரின் கொப்பியில் வெள்ளிக்கிழமை மட்டும் ஏழு புள்ளி இருக்கும். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் சிகிச்சையாளர் கேட்கத் தொடங்குவார்.

இதே கிழமையில் குருதிப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. தைரொயிட் குறைந்தால் சோர்வும் மறதியும் மனச்சோர்வு போலவே இருக்கும். கூடினால் படபடப்பும் நடுக்கமும் பதற்றம் போலவே இருக்கும். குருதிச்சோகை, பி12 குறைபாடு, கட்டுப்படாத நீரிழிவு ஆகியவையும் இப்படி ஏமாற்றும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும் மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எடுக்கும் மருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள், சித்த மருந்து, நாட்டு மருந்து, நித்திரைக்கு யாரோ கொடுத்த மாத்திரை உட்பட. உளமருத்துவர் எழுதும் மாத்திரையோடு சில மூலிகைகள் ஒத்துப்போகாது. மறைத்தால் பாதிப்பு உங்களுக்குத்தான்.

முதல் அமர்வு

வழமையாக 45 முதல் 60 நிமிடம். நெருக்கடியான அரச கிளினிக்கில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். அதனால் மூன்று முக்கிய விடயத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கேள்விகள் பல பக்கமாகப் போகும்: எப்போது தொடங்கியது, உடலில் என்ன நடக்கிறது, வீட்டில் யார் யார், காசுப் பிரச்சினை உண்டா, குடி உண்டா, கடவுள் நம்பிக்கை எப்படி. "நான் தலையிடிக்கு வந்தேன், இவர் என்ன கடனைப் பற்றிக் கேட்கிறார்" என்று தோன்றலாம். நுண்கடன் தவணைக்காரர் வரும் நாளில்தான் தலையிடி வருகிறது என்றால் அந்தக் கேள்வி இல்லாமல் அது தெரியவராது.

இரகசியம் பற்றி அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது. விலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை. சிகிச்சையாளர் தன் மேற்பார்வையாளருடன் பெயர் சொல்லாமல் கலந்துரையாடுவதும் உண்டு. திருகோணமலை போன்ற ஊரில் இன்னொரு சிக்கல்: சிகிச்சையாளர் உங்கள் மச்சாளோடு படித்தவராக இருக்கலாம், கோயில் திருவிழாவில் எதிரே வரலாம். கண்டால் கதைப்பதா, தலையை மட்டும் ஆட்டுவதா, தெரியாதமாதிரிப் போவதா என்பதை முதல் நாளிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். உறவுமுறை நெருக்கம் என்றால் வேறொருவரிடம் அனுப்பச் சொல்வது மரியாதைக் குறைவில்லை.

குடும்பத்தார் கூட வருவது எங்கள் பக்கத்து வழக்கம், அதில் நன்மையும் உண்டு. ஆனால் முதல் அரைவாசி நேரம் நீங்கள் தனியாகக் கதைக்க வேண்டும். கணவரோ தாயோ உங்களுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால் சிகிச்சையாளர் அவர்களை வெளியே இருக்கச் சொல்வார். சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் என்றால் மொழிபெயர்ப்புக்கு வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தாய் படும் அடியைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும் நிலை வரக்கூடாது. தாதியரையோ வேறு உத்தியோகத்தரையோ கேளுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957 இல் எழுதிய கட்டுரையில், ஆளை மாற்றுவதற்குச் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டிய குணங்களாக மூன்றை வைத்தார்: ஒளிவுமறைவில்லாத உண்மை, நிபந்தனையில்லாத மதிப்பு, உங்கள் இடத்தில் நின்று உணர்வது. மூன்றாவது அமர்விலும் இவை உங்களுக்குத் தென்படவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபின் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

வாழ்க்கைக் கோடு வரைவது, ஆனால் அவசரப்படாமல்

இரண்டாம் மூன்றாம் அமர்வில் ஒரு தாளில் கோடு போட்டுப் பிறந்த ஆண்டிலிருந்து இன்றுவரை நல்லதும் கெட்டதும் குறிக்கச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தில் நடுவயதைத் தாண்டியவர்களின் கோட்டில் 1983, 1990 இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2006 மூதூர், சம்பூர்ச் சண்டையும் அடுத்தடுத்து வரும். இங்கேதான் புதிதாகப் பயிற்சி பெற்றவர்கள் பிழைவிடுகிறார்கள். ஆளை முதல் நாளே அழவைத்து எல்லாவற்றையும் கொட்டவைத்தால் பாரம் குறையும் என்று நினைக்கிறார்கள். அன்றிரவு அந்த மனிதர் அந்தச் சத்தங்களோடு தனியே கிடப்பார், அடுத்த அமர்வுக்கு வரவே மாட்டார். பேரிடர் நடந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் வகுத்த வரிசை இங்கே மிகவும் பொருந்துகிறது: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவும் துக்கமும், அதன்பின் மனிதரோடு மீண்டும் சேர்வது. ஆகவே கோட்டில் ஆண்டை மட்டும் குறியுங்கள். "இதைப் பற்றிப் பிறகு" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நித்திரையும் மூச்சும் சரிவரும்வரை அந்தக் கதவைத் திறக்கத் தேவையில்லை.

ஒரு குறிக்கோள்

"சந்தோஷமாக இருக்கவேண்டும்" என்பதை வைத்து வேலை செய்ய முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் தெரிகிற ஒன்று வேண்டும். "கிழமையில் மூன்று காலை இருபது நிமிடம் நடப்பேன்", "மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தடவையாவது வாய்திறப்பேன்", "மகன் புள்ளி குறைந்து வந்தால் கத்துவதற்கு முன் முற்றத்துக்குப் போய்வருவேன்." வளர்ச்சிக்காக வருகிறவர்கள் இதற்கு முன் இன்னொரு சிறு வேலை செய்வது உதவும்: உங்கள் எழுபதாவது பிறந்தநாளில் மூன்று பேர் உங்களைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அதில் வரும் சொற்களில் எதற்கு இந்தக் கிழமை நேரமே ஒதுக்கவில்லை என்று பாருங்கள். அங்கேதான் குறிக்கோள் இருக்கும்.

வரிசை: நித்திரையிலிருந்து தொடங்குவது

முதல் இரண்டு கிழமை நித்திரைக்கு. படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள், எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்கு நித்திரை வந்தாலும் காலை ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமையும் கூட. இருபது நிமிடமளவில் நித்திரை வரவில்லை என்றால் பாயை விட்டு எழும்பி மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்யுங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்புங்கள். மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. நித்திரை வராமல் புரண்டு புரண்டு பாயே பயமுறுத்தும் இடமாகிவிடுவதை இது உடைக்கும். பின்னேரம் இரண்டு மணிக்குப் பின் தேத்தண்ணீர், கோப்பி நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் அரைவாசி ஐந்து மணித்தியாலம் அளவில் உடலிலேயே நிற்கும், நாங்கள் குடிக்கும் சாயம் கூடிய பிளேன்டீயும் இதில் அடங்கும். வெயிலுக்குள் மத்தியான நித்திரையை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று மணிக்கு முன், அரை மணித்தியாலத்துக்குள் என்றால் பாதகமில்லை. சாராயம் நித்திரையைக் கொண்டுவருவதுபோல் தெரியும், பின்னிரவில் கலைத்துவிடும்.

கூடவே மூச்சுப் பயிற்சி. மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஐந்து நிமிடம், காலையும் மாலையும். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். அசைய வேண்டியது வயிற்றுக் கை. பெரும்பாலோர் விடும் பிழை, நிறையக் காற்றை இழுப்பது. அதனால் குருதியில் காபனீரொட்சைட் குறைந்து தலைசுற்றும், விரல் விறைக்கும், பதற்றம் கூடிவிட்டதென்று பயிற்சியையே விட்டுவிடுவார்கள். குறைவாக, மெதுவாக. இன்னொன்று, படபடப்பு வந்தபிறகு முதன்முதலாகச் செய்துபார்த்தால் வேலை செய்யாது. அமைதியான நேரத்தில் இரண்டு கிழமை பழகியிருந்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

அடுத்தது செயல். மனச்சோர்வில் உள்ளவர் "மனம் வந்தால் போவேன்" என்று காத்திருப்பார். மனம் வராது. செய்தபின் தான் கொஞ்சம் வரும். கொப்பியில் அடுத்த கிழமைக்கு நாளுக்கு ஒரு காரியம், நேரத்தோடு எழுதுங்கள்: செவ்வாய் மாலை ஐந்தரை, டச்சுக்குடாவில் இருபது நிமிட நடை. முன்னால் எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்தீர்கள், பின்னால் எவ்வளவு பிடித்தது என்று இரண்டு புள்ளி போடுங்கள். வாடைக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போக முடியாமல் இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். காசும் இல்லை, செய்ய வேலையும் இல்லை, குடி கூடும் காலம் அது. வலை பின்னுவது, இயந்திரம் கழற்றிப் பூட்டுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது என்று நாளுக்கு ஒரு சட்டகத்தையாவது முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எண்ணங்கள். கொப்பியில் ஐந்து பத்தி: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், என்ன உணர்ந்தேன், அந்த நினைப்புக்கு ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன. அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் தொடங்கிவைத்த முறை இது. கட்டாரில் இருக்கும் மகள் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை, "என்னை வெறுத்துவிட்டாள்", பயம் எட்டு. ஆதரவு: எடுக்கவில்லை. எதிர்: வியாழன் காசு அனுப்பினாள், போன கிழமை இரவு வேலை என்று சொன்னாள். எழுதி முடித்தபின் பயம் ஐந்துக்கு இறங்கினாலே போதும். நல்லதையே நினை என்று தன்னை ஏமாற்றுவதற்கு இது வழி இல்லை. நினைப்பு உண்மையாகவும் இருக்கலாம். அப்போது மகளோடு என்ன கதைப்பது என்று அடுத்த வேலை தொடங்கும்.

உறவு, நம்பிக்கை

நாலாவது ஐந்தாவது அமர்வுக்குப் பிறகு உறவுகளுக்குப் போகலாம். நடுவில் உங்கள் பெயர், சுற்றிவர ஆட்கள். நெருக்கத்துக்கு இரட்டைக் கோடு, சண்டைக்கு நெளிகோடு, கதையில்லை என்றால் உடைந்த கோடு. பிறகு ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: "இரவு எட்டு மணிக்குப் பிள்ளையின் பாடத்தைக் கிழமையில் இரண்டு நாள் நீங்கள் பாருங்கோ." பழைய கணக்கு எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. வீட்டில் அடி உண்டென்றால் இந்தப் பயிற்சியைச் செய்யவே வேண்டாம், கேட்பதே ஆபத்தாகலாம். அதற்குப் பாதுகாப்புத் திட்டம் வேறு, சிகிச்சையாளரிடம் தனியே சொல்லுங்கள்.

நம்பிக்கையை வாசலில் விட்டுவிட்டு வரத் தேவையில்லை. உறவு இறந்து முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் அந்தச் சடங்கு துக்கத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று தெரியும்: உறவுகள் கூடுகின்றன, இறந்தவரின் பெயர் சொல்லப்படுகிறது, ஒரு கட்டம் முடிந்ததென்று உடலுக்கும் தெரிகிறது. போரிலும் கடலிலும் உடல் கிடைக்காமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இது இல்லாததால்தான் துக்கம் பல ஆண்டு நீள்கிறது. அவர்களுக்கு என்ன செய்வது பொருத்தம் என்பதைக் குருக்களோடோ மௌலவியோடோ பாதிரியாரோடோ சேர்ந்து யோசிக்கும் சிகிச்சையாளர் நல்லவர். அதேநேரம், பேய் கழிக்க நகையை அடகுவைக்கச் சொல்கிறவரிடமும், மாத்திரையை நிறுத்தினால்தான் மந்திரம் பலிக்கும் என்கிறவரிடமும் போகாதீர்கள்.

எங்கே முறியும்

இரண்டாம் மூன்றாம் அமர்வோடு நிற்பவர்கள் அதிகம். மனம் விட்டுக் கதைத்ததில் வந்த ஆறுதலைக் குணமென்று நினைத்துவிடுவதே காரணம். நடுவில் சில கிழமை முன்பைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. இவ்வளவு நாளும் தவிர்த்துவந்ததைப் பார்க்கத் தொடங்கும்போது அப்படித்தான். இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் தாக்குப்பிடிக்கலாம்.

மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். குமட்டலும் தலைப்பாரமும் முதல் நாளிலேயே வரும். பக்கவிளைவு முன்னால், பலன் பின்னால் என்பதால்தான் பலர் பத்தாம் நாள் எறிந்துவிடுகிறார்கள். குணமானபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவது வைத்தியர் சொல்லி, படிப்படியாக.

சிகிச்சையாளர் பக்கத்திலும் பிழைக்கும். கடன் கேட்டால், சாமான் விற்றால், தொட்டால், தன் கதையையே கதைத்துக்கொண்டிருந்தால், விவாகரத்து எடு என்று அவரே முடிவு சொன்னால் அங்கே திரும்பிப் போகாதீர்கள். இரவு பகல் பாராமல் வட்ஸ்அப்பில் பதில் அனுப்புகிறவரும் உதவுவதாக நினைத்துத் தன்னில் தங்கவைத்துவிடுகிறார். எப்போது, எதற்கு எழுதலாம் என்று எல்லை வேண்டும்.

ஆறாவது அமர்வில் கணக்குப் பாருங்கள். தொடக்கத்தில் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாக்கொத்து நிரப்பியிருந்தால் திரும்ப நிரப்புங்கள்: ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு கிழமை பற்றியது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ என்றால் மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு. ஐந்து புள்ளி இறங்கியிருந்தால் உண்மையான முன்னேற்றம். கடைசிக் கேள்வி, சாவதைப் பற்றியது, பூச்சியம் இல்லை என்றால் மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். எதுவும் அசையவில்லையென்றால் திட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது உளமருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முடிப்பதையும் திட்டமிட்டே செய்யுங்கள். கிழமைக்கு ஒன்றாக இருந்ததை இரண்டு கிழமைக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று விலக்குங்கள். கடைசி அமர்வில் ஒரு தாளில் மூன்று விடயம் எழுதுங்கள்: திரும்ப வருகிறதென்று காட்டும் முதல் அறிகுறி (பலருக்கு அது விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருவது), அப்போது உடனே செய்யப்போகும் இரண்டு காரியம், எத்தனை நாள் நீடித்தால் யாரிடம் போவது. ஒரு பிரதியை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். அந்த முதல் அறிகுறி பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.